புருவம் உயர்த்தி எழுதிய பதில்கள்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, இந்தப் பகுதியில் பாதியை நான் வலது புருவத்தால்தான் எழுதுகிறேன் என்று போகிற போக்கில் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாம் அதைப் பற்றியே. பட்டா மாறுதல், மாடித் தோட்டம், மாமியார் மருமகள் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். நெடுஞ்சாலையில் பைக் விபத்து, கழுத்துத் தண்டுவடத்தில் அடி, மருத்துவர் மொழியில் சி-4, அதாவது கழுத்தில் மேலிருந்து நாலாவது இடம். தோளுக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்காது. இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் அக்கா வீட்டில் இருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. புருவத் தசை அசைவதைக் கம்ப்யூட்டருக்குக் கிளிக்காகச் சொல்லும் கருவியை நெற்றியில் ஒட்டித் தினமும் பயன்படுத்துகிறவன் என்ற முறையில்தான் சொல்கிறேன்.

அண்ணா, என் தம்பிக்கு 26 வயது. தென்னை மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடி. சி-5 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தசையில் எதையோ ஒட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் ஓட்டுகிற வீடியோ பார்த்தோம். நினைப்பதை அது படித்துவிடுமா? தம்பிக்குச் சரிப்படுமா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

மனசை எல்லாம் படிக்காது தங்கச்சி. படித்தால் இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைப்பது கஷ்டம்.

மூளை இடும் உத்தரவு நரம்பு வழியாகத் தசைக்குப் போகிறது. தசை இறுகும்போது அதன் இழைகளில் மின்சாரம் ஓடும். அதில் ஒரு துளி தோல்மேல் வரை எட்டும். டார்ச் லைட் செல் 1.5 வோல்ட் என்றால், தோலில் கிடைப்பது பெரும்பாலும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஈசிஜி எடுக்க நெஞ்சில் ஒட்டுகிறார்களே, அதே ஸ்டிக்கரை வைத்து அதைப் பிடித்து, பெருக்கி, இந்த அளவைத் தாண்டினால் ஒரு கிளிக் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுகிறார்கள். மொத்த வித்தையும் இவ்வளவுதான். இதற்கு ஈஎம்ஜி என்று பெயர். நரம்பு டாக்டர் ஊசி செருகிப் பார்க்கும் ஈஎம்ஜி பரிசோதனையும் இதே சங்கதிதான். இங்கே ஊசி கிடையாது. உடம்புக்குள் கரண்ட் எதையும் செலுத்துவதும் கிடையாது.

கழுத்து முறிந்த எனக்குப் புருவம் எப்படி மிச்சம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முகத்துக்குப் போகும் நரம்பு கழுத்து வழியாக இறங்குவதே இல்லை. மூளைத் தண்டிலிருந்து நேராகக் கிளம்பிவிடுகிறது. தாடையை இறுக்கும் தசைக்கும் அப்படித்தான். அதனால் கழுத்தில் என்ன ஆனாலும் இந்த இரண்டும் பொதுவாகத் தப்பிவிடும்.

இனி உன் தம்பி விஷயம். சி-5 என்றால் தோளை அசைக்கவும் முழங்கையை மடக்கவும் பெரும்பாலும் முடியும். மணிக்கட்டும் விரல்களும்தான் வராது. அப்படியானால் அவனுக்கு முதலில் வேண்டியது ஸ்டிக்கரும் ஒயரும் இல்லை. உள்ளங்கையைச் சுற்றி மாட்டும் ஒரு பட்டை, அதில் செருகிய ரப்பர் முனைக் குச்சி. அதை வைத்து கீபோர்டைத் தட்டலாம், முனையை மாற்றினால் போனையும் தள்ளலாம். அளவெடுத்துச் செய்து, மணிக்கட்டு தொங்காமல் பிடித்துக்கொள்ளும்படி பொருத்துவது, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் வேலை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்தில் போய்க் கேளுங்கள். கையில் அசைவு இருக்கும்போது அதை விட்டுவிட்டு நெற்றியில் ஒயர் மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கை கொஞ்ச நேரத்திலேயே ஓய்ந்துபோகிறது என்றால் மட்டும் தசைச் சிக்னலுக்கு வரலாம். அப்போதும் ஒன்றைக் கவனி. காலையில் சுறுசுறுப்பாக இருக்கும்போது எந்தத் தசையும் நன்றாகத்தான் வேலை செய்யும். சாயங்காலம் ஆறு மணிக்கு, உடம்பு களைத்த பிறகும் சொன்ன பேச்சைக் கேட்கிறது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். விறைப்பு வந்து தானாக வெட்டி இழுக்கும் இடத்தில் ஸ்டிக்கர் வைத்தால் அவன் சொல்லாமலே கிளிக் விழும். உணர்ச்சி இல்லாத தோலிலும் வேண்டாம். புண் வந்தால் அவனுக்குத் தெரியாது.

தாத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. காலேஜ் ப்ராஜெக்டாக அவருக்கு ஈஎம்ஜி கருவி செய்து தரலாம் என்றிருக்கிறேன். என்ன வாங்க வேண்டும், என்ன கவனிக்க வேண்டும்?
— பொறியியல் மாணவர், ராணிப்பேட்டை

தாத்தாவின் இடது கை நன்றாக இருக்கிறதே தம்பி! ஒரு கை முழுதாக இருப்பவருக்கு முகத்தில் ஒயர் எதற்கு?

அதைவிட முக்கியம், அவருக்குப் பேச்சு ஏன் வரவில்லை என்பது. வலது பக்கம் விழுந்திருக்கிறது என்றால் பாதிப்பு மூளையின் இடது பக்கத்தில். பெரும்பாலானவர்களுக்கு மொழி உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். நாக்குத் தசை மட்டும் தளர்ந்திருந்தால் எழுத்தைக் காட்டி எழுத வைக்கலாம். மொழியே கலைந்திருந்தால் எந்தக் கருவி கொடுத்தாலும் வார்த்தை வராது. படம் ஒட்டிய அட்டை, பழகிய போட்டோக்கள், பொறுமையான ஸ்பீச் தெரபிஸ்ட், இவைதான் உதவும். பேப்பரைக் கையில் கொடுத்து, ஒரு தலைப்பைப் படித்துப் புரிந்துகொள்கிறாரா என்று முதலில் பார்.

ப்ராஜெக்டை நிறுத்தச் சொல்லவில்லை. என்னைப் போல யாருக்காவது ஆகும். என் நெற்றியில் இருப்பதும் வீட்டுத் தயாரிப்புதான், அக்கா மகன் செய்தது. சிக்னலைப் பெருக்க நம் நாட்டிலேயே அப்சைடு டவுன் லேப்ஸ் என்பவர்கள் பயோஆம்ப் எக்ஸ்ஜி பில் என்று கட்டைவிரல் அளவுக்கு ஒரு போர்டு செய்கிறார்கள். அதோடு ஆர்டுவினோ என்ற குட்டிக் கணினி போர்டு ஒன்று. அதில் ஊனோ வகையை வாங்கிவிடாதே, லியோனார்டோ வகையை வாங்கு. அதைச் செருகினால் கம்ப்யூட்டர் தானாகவே கீபோர்டு என்று எடுத்துக்கொள்ளும். தசைச் சிக்னலின் பெரும்பகுதி சுமார் 20 முதல் 450 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால் நொடிக்கு 1000 தடவையாவது அளக்க வேண்டும். சுவர்க் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நட்ட நடுவில் வந்து உட்காரும், அதை வடிகட்டு.

ஆள் உடம்பில் ஒட்டியிருக்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கட்டாயம் பிடுங்கிவிடு. ஷாக் பயம் இல்லாமலிருக்க, பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். இதில் சோம்பேறித்தனம் கூடாது. இரைச்சல் குறைவது அதில் கிடைக்கும் உபரி லாபம்.

ஒட்டுகிற விதம் எந்தப் பாடத்திலும் வராது, அதனால் சொல்கிறேன். நெற்றித் தசையின் இழை மேலும் கீழுமாக ஓடுகிறது. ஆகவே புருவத்துக்குச் சற்று மேலே ஒரு ஸ்டிக்கர், அதற்கு நேர் மேலே, நடுவுக்கு நடு சுமார் 2 சென்டிமீட்டர் தள்ளி இன்னொன்று. மூன்றாவது ஸ்டிக்கர், காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பின் மேல். எங்கள் வீட்டில் பிரச்சினை விபூதியில் தொடங்கியது. குளித்ததும் அம்மா நெற்றி நிறையப் பூசிவிடுவார், அதற்கு முன்னால் தலைக்குத் தேங்காய் எண்ணெய். இரண்டின் மேலும் எந்தப் பசையும் நிற்காது. பேச்சுவார்த்தை நடந்து, விபூதி நடுவில் மட்டும், வலது பக்கம் எனக்கு என்று முடிவானது. ஸ்பிரிட் பஞ்சால் அந்த இடத்தை அக்கா அழுத்தித் துடைத்து, காற்றில் உலரவிட்டு ஒட்டுவாள். பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் மிச்ச ஸ்டிக்கர்களின் ஜெல் காய்ந்துபோகும், ஜிப் கவரில் போட்டு மூடிவை. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வியர்வை ஸ்டிக்கரைத் தூக்கிவிடும். மின்விசிறி நின்றால் என் எழுத்தும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

அப்புறம், நிறுத்தி வைக்க ஒரு வழி கட்டாயம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஊர்க்கதை சொல்லும்போது மனிதனுக்குப் புருவம் உயராமல் இருக்குமா? உயர்ந்தால் திரையில் ஏதாவது திறந்துகொள்ளும். என்னுடையதில் சட்டென்று தூக்கினால் கிளிக், இரண்டு நொடி பிடித்தால் கருவி தூங்கிவிடும், மறுபடி பிடித்தால் எழுந்துகொள்ளும்.

என் கணவருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சு நன்றாக இருக்கிறது. வெளிநாட்டுத் தசைக் கருவி என்று ஒருவர் லட்சக்கணக்கில் விலை சொல்கிறார். நகையை அடகு வைத்து வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகி, வாணியம்பாடி

நகையைத் தொடாதீர்கள் அம்மா.

பேச்சு நன்றாக இருந்தால் அதுதான் முதல் வழி. ஆண்ட்ராய்டு போனில் தமிழிலேயே பேசி எழுதலாம், காசு இல்லை. அடுத்தது, அதே போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள், திரையைத் தொடாமலே போனை ஓட்ட ஸ்விட்ச் அக்சஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12-ம் அதற்குப் பிந்தியதும் உள்ள போன்களில் அதில் கேமரா ஸ்விட்ச் என்ற வசதியும் உண்டு. முன்பக்கக் கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். புருவம் தூக்குவது, வாய் திறப்பது, சிரிப்பது, கண்ணை மேலே அல்லது பக்கவாட்டில் ஓட்டுவது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். கட்டிலில் மாட்டுகிற வளைகிற ஸ்டாண்டு ஒன்று மட்டும் வாங்குங்கள். பேட்டரி மளமளவென்று இறங்கும், சார்ஜர் மாட்டியே வையுங்கள். இங்கே உடம்பில் எதுவும் ஒட்டுவதில்லை, அதனால் பயமில்லை.

இருட்டிலும், ஒருக்களித்துப் படுத்திருக்கும்போதும் கேமராவுக்கு முகம் தெரியாது. அசைவு மிகமிகச் சின்னதாக இருந்தாலும் அதற்குப் பிடிபடாது. தசைக் கருவிக்கு அர்த்தம் வருவது அங்கேதான். அப்படித் தேவைப்பட்டால் விற்பவரிடம் கேளுங்கள்: ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவாரா? ஸ்டிக்கர் இங்கே மருந்துக் கடையில் கிடைப்பதா, வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டுமா? ரிப்பேர் என்றால் யார் வருவார்கள்? தமிழில் எழுதுமா? இந்த நாலாவது கேள்விக்கு மழுப்பினால் வாசல் வரை வழியனுப்பிவிடுங்கள்.

மணிக்கட்டில் பட்டை கட்டி விரல் அசைவில் கணினி ஓட்டுவதாக ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனி காட்டும் வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். காற்றில் எழுதுவதுபோல் கையை அசைத்து நிமிடத்துக்குச் சுமார் 21 வார்த்தை எழுதியதாக 2025-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் கட்டுரை வந்தது. கெட்டிக்கார வேலைதான். ஆனால் அது நன்றாக இருக்கிற கைகளை வைத்துச் செய்தது. அசையாத முன்கையிலும் முயன்றால் சில இழைகள் துடிப்பதைக் கருவி பிடிப்பதுண்டு என்பதால், தண்டுவடத்தில் அடிபட்டவர்களை வைத்து அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் மெட்டாவும் சோதித்துவருகின்றன. அதை நம்பி இன்று அடகுக் கடைக்குப் போக முடியாது.

உதவித்தொகை, உபகரணம் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள். 2019-ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து வாணியம்பாடிக்கு அது திருப்பத்தூரில். வேலூருக்கு வந்து அலையாதீர்கள்.

என் மனைவிக்கு மோட்டார் நியூரான் நோய். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத் தசையால்தானே பேசினார்? அந்தக் கருவி கிடைக்குமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு

ஐயா, ஹாக்கிங் கன்னத்தை அசைத்தார் என்பது சரி. ஆனால் அதைப் பிடித்தது தசை மின்சாரம் இல்லை, கண்ணாடியில் பொருத்திய ஒரு அகச்சிவப்பு உணரி. அதற்கு முன்னால் கை விரலால் ஒரு பட்டனை அழுத்திவந்தார். விரல் ஓய்ந்ததும் கன்னத்துக்கு மாறினார். அவருக்காக இன்டெல் செய்த ஏகேட் என்ற மென்பொருளை 2015-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். விண்டோஸில் ஓடும்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. என் காயம் ஒரே நாளில் நடந்து முடிந்துவிட்டது. எனக்கு எது மிச்சமோ அது அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டம்மாவின் நோய் அப்படி நிற்காது, தசையை அசைக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துகொண்டே போகும். இன்று பிடிக்கிற தசை பிறகு பிடிக்காமல் போகும். ஆகவே ஒரு தசையை நம்பிப் பெரும் பணம் போடாதீர்கள். சாதாரணமாக 'ஸ்விட்ச்' என்று எதைச் செருகினாலும் ஏற்கும் மென்பொருளாகப் பாருங்கள். கை போனால் கன்னம், கன்னம் போனால் புருவம், அதற்கப்புறம் கண் என்று ஸ்விட்சை மட்டும் மாற்றிக்கொண்டு போகலாம், எழுதும் முறையைப் புதிதாகப் பழக வேண்டியதில்லை. கண் அசைவு இந்த நோயில் பெரும்பாலும் கடைசி வரை நிற்கும். பேச்சு இருக்கும்போதே பழக ஆரம்பியுங்கள். வீட்டம்மாவின் குரலில் அடிக்கடி சொல்லும் வார்த்தைகளை, உங்களைத் திட்டுவது உட்பட, இப்போதே பதிந்து வையுங்கள்.

ஒரே ஒரு கிளிக்கை வைத்துக்கொண்டு தமிழில் எப்படி எழுதுகிறீர்கள்? 247 எழுத்து இருக்கிறதே!
— ஒரு வாசகர், போளூர்

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 247 வேண்டாம், 31 போதும். 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையில் உயிர் 12, மெய் வரிசைக்கு 18, ஆய்தம் 1. அவ்வளவுதான். ம அழுத்தி ஆ அழுத்தினால் மா. ஒரே எழுத்தை இரண்டு தடவை அழுத்தினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என நாலே தேர்வு. ந, த அடுத்தடுத்து வந்தால் ந்த ஆகிவிடும். ஆய்தமே புள்ளிக்கும் உதவும். விரல் வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு, விரலே இல்லாத எனக்குத்தான் அதிகம் லாபம்.

திரையில் ஆறுக்கு ஆறாக 36 கட்டம். 31-ல் எழுத்து, மிச்சம் ஐந்தில் இடைவெளி, அழிப்பு, முற்றுப்புள்ளி, 'படித்துக் காட்டு', 'நிறுத்து'. வெளிச்சம் வரிசை வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசையில் புருவம். பிறகு அந்த வரிசைக்குள் கட்டம் கட்டமாக நகரும். மறுபடி புருவம். நொடிக்கு ஒரு நகர்வு என்று வைத்தால் ஒரு எழுத்துக்குச் சராசரி 7 நொடி. அம்மா எழுத அரை நிமிடம், தண்ணீர் எழுத 42 நொடி. தாகம் எடுத்தவன் தாங்குவானா? அதனால் அடிக்கடி வரும் எழுத்தையெல்லாம் இடது மேல் மூலைக்குக் கொண்டுவந்தோம், அங்கே இரண்டு மூன்று நொடியில் வேலை முடியும். முதல் இரண்டு எழுத்தைப் போட்டதும் முழு வார்த்தையை ஊகிக்கும் வசதியும் சேர்த்தோம். தண்ணீருக்குத் தனிக் கட்டமே இன்னொரு பக்கத்தில் இருக்கிறது.

வாயால் சொன்னால் போன் எழுதிவிடுமே என்று கேட்பீர்கள். நானும் அப்படி எழுதுவதுண்டு, இந்தப் பதில்களில் பாதி அப்படித்தான். ஆனால் வீட்டில் நாலு பேர் காதில் விழாமல் ஒரு வரி எழுத வேண்டுமென்றால் எனக்குப் புருவம்தான் கதி. மெதுவாக வந்தாலும் அது என் சொந்த வரி.

மூளையில் சிப் வைக்கிறார்களாமே, அதற்குக் காத்திருப்பது மேல் இல்லையா?
— ஒரு வாசகர், காட்பாடி

நியூராலிங்க் என்ற கம்பெனி 2024 ஜனவரியில் அமெரிக்காவில் முதல் ஆளுக்கு வைத்தது. அவர் நினைப்பாலேயே சதுரங்கம் ஆடினார். சில வாரங்களில் மூளையில் செருகிய இழைகள் சில பின்வாங்கின, மென்பொருளைத் திருத்திச் சமாளித்தார்கள். முகமும் அசையாதவர்களுக்கு அது பெரிய கதவு. புருவம் அசையும் எனக்கு மண்டையைத் திறக்கும் அவசரம் இல்லை.

கம்ப்யூட்டரைக் கொடுத்தால் பிள்ளை பயிற்சி செய்ய மாட்டான், சோம்பேறி ஆகிவிடுவான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா?
— ஒரு தாய், வாலாஜாபேட்டை

அந்தச் சொந்தக்காரர்கள் காலையில் வந்து பையனுக்குக் கை கால் மடக்கி விடுகிறார்களா? இல்லையென்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நம் ஊர்க் கதையே இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததற்கு அவர்தான் முதல் காரணம். கத்தியைக் கையில் கொடுத்ததால் அவர் சோம்பேறி ஆனாரா என்ன?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பலவீனமான தசையின் சிக்னலைத் திரையில் கோடாகக் காட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முயல வைப்பது பயிற்சியிலேயே ஒரு முறை. கோடு உயர்வதைக் கண்ணால் பார்த்தால் பையன் தானாகவே முயல்வான். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு யாருக்குமே பயிற்சி செய்ய மனசு வராது.

என் கணவருக்குக் குரல் எழும்பாது. ராத்திரி திரும்பிப் படுக்க வேண்டுமென்றால்கூட என்னைக் கூப்பிட முடியவில்லை. தூங்காமல் காத்திருக்கிறேன். இந்தப் புருவக் கருவியை இரவிலும் மாட்டிவைக்கலாமா?
— ஒரு வாசகி, பேரணாம்பட்டு

வேண்டாம் தாயே. இரவு முழுக்க ஒட்டினால் தோல் கன்றிப்போகும், தூக்கத்தில் நெற்றி சுருங்கினால் உங்களைச் சும்மாவே எழுப்பும்.

எலக்ட்ரிக் கடையில் ஒயர் இல்லாத காலிங் பெல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் அதன் பட்டனைத் திறக்கச் சொல்லி, இரண்டு ஒயரை வெளியே இழுத்து, லேசாகப் பட்டாலே விழும் மைக்ரோ ஸ்விட்ச் ஒன்றை இணைக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டன், பேட்டரியில் ஓடுவதால் ஷாக் பயம் இல்லை. ஸ்விட்சை ஒரு சின்ன அட்டையில் பொருத்தி, அவர் கன்னம் திரும்பும் பக்கமாகத் தலையணையில் பின் குத்தி வையுங்கள். பின் முனை வெளியே நீட்டக் கூடாது. மணியை உங்கள் தலைமாட்டில் வையுங்கள். விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு தடவை அவரை அழுத்தச் சொல்லிப் பாருங்கள், திரும்பிப் படுக்க வைத்த பிறகு ஸ்விட்சையும் அந்தப் பக்கத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். பேட்டரியை மாதம் ஒரு முறை மாற்றிவிடுங்கள், தீரும் வரை பார்க்க வேண்டாம்.